பதினோரு வீட்டு மீன்

வடிவுடையம்மன் துணை

திருவொற்றியூர் குப்பம்,
16.6.2020, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு அம்மா கோவிந்தம்மா எழுதிக்கொள்வது. சிங்கப்பூரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை அந்த வரியை எழுத முடியவில்லை கண்ணு. நின்றுகொண்டே படிக்காதே, உட்கார்ந்து படி. உன் அறைத்தோழி சைமா இருந்தால் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

வெளிநாட்டுக்குத் தபால் போகவில்லை என்கிறார்கள், போனாலும் என் வீட்டு வாசலைத் தாண்டி யார் எடுத்துப் போவார்கள், அதனால் உன்னுடைய பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாளில் எழுதி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறேன். போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். மூன்று நாளாக நீ வீடியோவில் வா வா என்கிறாய், நானும் நெட் இல்லை, சார்ஜ் இல்லை, தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறேன் என்று ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் எனக்கு இருமல் பிடித்துக்கொள்கிறது, அதை நீ கேட்கக் கூடாது என்றுதான். அதோடு நான் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் நைனாவுக்குக் கொரோனா. சனிக்கிழமை காலையில் 108 வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். எனக்கும் அதுதான், எனக்கு லேசாக இருக்கிறது என்று வீட்டிலேயே வைத்து வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். நைனா காசிமேட்டில் வலை சரி பண்ணப் போயிருக்கிறார், அங்கே சிக்னல் இல்லை என்று நான் சொன்னது பொய். காசிமேட்டில் சிக்னல் இல்லையாம், அதையும் நீ நம்பினாய். வருகிற சனிக்கிழமை சிறப்பு விமானத்தில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ சொன்னபோது, வா கண்ணு வா, வஞ்சிரம் வறுத்து வைக்கிறேன் என்றேனே, அதுவும் மனசறிந்து சொன்னதில்லை. நீ வரக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் ஏன் எதற்கு என்று முழுசாகச் சொல்லாமல் வராதே என்றால் நீ கேட்கிற ஆள் இல்லை, உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா.

என் மூக்கைப் பற்றி உனக்குத் தெரியும். செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், கண்ணை அமுக்கிப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும், ஐஸில் போட்டால் செவுள் நாலு நாள் ஆனாலும் சிவப்பாக இருந்து ஏமாற்றும், நான் மீனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் அது இன்றைக்குப் பிடித்ததா நேற்றுப் பிடித்ததா என்று சொல்லிவிடுவேன். நல்ல மீனில் கவிச்சியே இருக்காது, இந்த இருபத்தைந்து வருஷமாக அதுதான் என் கணக்கு. போன நாலாம் தேதி வியாழக்கிழமை விடியற்காலையில் கரையில் டெம்போவில் ஒருவன் சங்கரா கொண்டுவந்திருந்தான். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன், கவிச்சி இல்லை. இன்னொன்றை எடுத்தேன், அதிலும் துளிகூட இல்லை. இவ்வளவு நல்ல மீனைப் பார்த்து எத்தனை நாளாயிற்று, இந்த ஊரடங்கில் இப்படிக் கிடைத்ததே என்று பெட்டியோடு வாங்கிவிட்டேன். பேரம்கூடப் பேசவில்லை, அவனே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். தெரிந்தவர் ஆட்டோவில் டோல்கேட் பக்கத்துத் தெருக்களுக்குப் போய், வழக்கமாகக் கொடுக்கிற பதினோரு வீட்டுக்கும் கொடுத்தேன். வாங்கினவர்களும் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டுதான் வாங்கினார்கள். வீட்டுக்கு ஒரு துண்டு மிச்சம் இல்லாமல் விற்றுப்போனதில் எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து போன் மேல் போன். "இன்னாம்மா கோவிந்தம்மா, நாத்தம் கொடல புடுங்குது, இத எப்டிம்மா தலைல வச்சிக்கினு வந்த" என்று ஒரு அம்மா கேட்டார்கள். பூனைகூடத் தொடவில்லையாம். மளிகைக்கடை ஆசீர்வாதம் அண்ணாச்சியின் மனைவி ஞானபாக்கியம் அம்மா, நீ சிங்கப்பூர் கிளம்பும்போது உன் பெட்டிமேல் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பினார்களே அவர்கள்தான், அவர்களே கோபமாக, "என்ன கோவிந்தம்மா, இப்படிப் பண்ணிட்டியளே" என்றார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் மீனையா, என் மூக்கையா என்று எல்லோரிடமும் சண்டை போட்டேன். இரவு சாப்பிடும்போது உன் நைனா குழம்பை வாயில் வைத்துவிட்டு, "உப்ப அள்ளி அள்ளிக் கொட்டிக்கினு கீறியே, கடலையே வூட்டுக்கு இட்டாந்துட்டியா" என்று தட்டைத் தள்ளினார். எனக்கு அது சப்பென்றுதான் இருந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். நம் பக்கம் கம்பெனிக் காற்று அடித்தால் படுத்திருக்கிறவர்களும் எழுந்துகொள்வோம் இல்லையா, அந்த வாடையும் நாலைந்து நாளாகவே இல்லை. ஊரடங்கில் கம்பெனியெல்லாம் மூடிக் கிடக்கிறது, காற்று சுத்தமாகிவிட்டது என்று நான்தான் எதிர் வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். காற்று அப்படியேதான் இருந்திருக்கிறது கண்ணு, எனக்குத்தான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் பண்ணியதுதான் தூங்க விடாமல் அரிக்கிறது. பதினைந்து வருஷம் மீன் கொடுத்த வீடுகள், கெட்ட பெயரோடு விட மனசு வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை ஃபைபர் போட்டில் வந்த மீனை வாங்கி, நைனாவை மோந்து பார்க்கச் சொல்லி, நல்ல மீன்தான் என்று அவர் சொன்ன பிறகு, பதினோரு வீட்டுக்கும் பதில் மீன் கொண்டுபோனேன். வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்கப் போனவள் வாயை மூடிக்கொண்டு எப்படிக் கேட்பது என்று முகத்துணியைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய் நின்று பேசினேன், உட்கார்ந்து ஆய்ந்து கொடுத்தேன். ஞானபாக்கியம் அம்மா பின்கட்டில் எனக்கு எதிரிலேயே மணை போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். டீ போட்டுக் கொடுத்தார்கள். "நேத்து சத்தம் போட்டுட்டேன், மனசுல வச்சுக்கிடாதிய" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மீன் கையைப் பிடிக்கிறீர்களே என்றேன். பரவாயில்லை என்று சிரித்தார்கள். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம், பாதிப் பேச்சு உன்னைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை நைனாவுக்குக் காய்ச்சல். வெயிலில் அலைந்தது என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். புதன்கிழமை மாநகராட்சியிலிருந்து வீடு வீடாகக் கேட்க வருகிற பெண் வந்தாள், ஜெரினா என்று பெயர், காலேஜ் படிக்கிற பிள்ளை. காய்ச்சலா இருமலா என்று கேட்டுவிட்டு என்னிடம், "ஆன்ட்டி, வாசன தெரியுதா உங்களுக்கு" என்றாள். மீன்காரியைப் பார்த்து இது என்ன கேள்வி என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஏதாவது எடுத்து மோந்து பாருங்கள் என்றாள். பரண்மேல் இருந்த கருவாட்டுப் பானையை இறக்கி மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டேன். ஒன்றுமே இல்லை ப்ரியா. கருவாட்டுப் பானை, தெரு முனையில் நிற்கிறவனுக்கே தெரியும், எனக்கு வெறும் பானை. டீத்தூள் டப்பாவைத் திறந்தேன், மண்ணெண்ணெய் கேனைத் திறந்தேன். அன்றைக்கு வந்த பயம் இந்த நிமிஷம் வரைக்கும் போகவில்லை.

அடுத்து அவள் கேட்டாள், பத்து நாளாக எங்கெங்கே போனீர்கள், யார் யாரைப் பார்த்தீர்கள் என்று. நான், எங்கேயும் போகவில்லையம்மா, வீட்டிலேயேதான் இருந்தேன் என்றேன். மீன்காரிக்குக் கொரோனா என்று தெரிந்தால் அந்தப் பதினோரு வீட்டு வாசலில் இனி நிற்க முடியுமா, நாளைக்குப் பிழைப்பு எப்படி என்று ஒரு நொடியில் வாய் பொய் சொல்லிவிட்டது. மறுநாள் எங்கள் இருவருக்கும் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள், சனிக்கிழமை பாசிட்டிவ் என்று வந்தது; வியாழன், வெள்ளி, சனி என்று நாள் ஓடியது, நானும் சும்மா இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வாதம் அண்ணாச்சி போன் பண்ணினார். ஞானபாக்கியம் அம்மாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், நாலு நாளாகவே காய்ச்சல், வீட்டு மருந்தாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம் என்றார். சொல்லிவிட்டு, "நீங்க எப்படி இருக்கிய, வீட்டுக்காரரு எப்படி இருக்காரு" என்று விசாரிக்கிறார். நான் புதன்கிழமையே சொல்லியிருந்தால் அந்தப் பெண் அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பாள். என்னால்தான் அவர்களுக்கு வந்ததா, கடைக்கு வந்தவர்களால் வந்ததா, யாருக்குத் தெரியும் என்று எதிர் வீட்டுக்காரி தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று ஆறுதல் சொல்கிறாள். எனக்குத் தெரிகிறது. போனை வைத்த உடனே ஜெரினாவைக் கூப்பிட்டு பதினோரு வீட்டையும் தெருப் பெயரோடு சொன்னேன். இப்போது பதினோரு வீட்டிலும் நோட்டீஸ் ஒட்டியாயிற்று, இன்னும் இரண்டு வீட்டில் காய்ச்சலாம். ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டு என்னைக் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டார்கள். கேட்டுக்கொண்டேன். அந்தப் பொய்க்கு ஆன செலவு போதும், இன்னொரு பொய்யைச் சொல்லி உன்னை விமானம் ஏற்ற எனக்குத் துணிச்சல் இல்லை.

நைனாவைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவே மூச்சு வாங்கியது. சர்க்கரை வேறு இருக்கிறதே. சனிக்கிழமை ஆம்புலன்ஸ்காரர்கள் விரலில் ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடந்துதான் வண்டி ஏறினார். என்னைக் கூட வர விடவில்லை. படகு இஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் மூச்சடக்கி முங்கி அறுத்துவிட்டு வருகிற ஆள், படகில் அவரை விட்டால் அதற்கு ஆள் கிடையாது, நேற்றுப் போனில் மூன்று வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நான் நல்லாக்கீறேம்மே, நீ துன்னியா" என்றார். துன்னேன் என்றேன். "பாப்பாகிட்ட சொல்லாத, அது பேஜாராயிடும்" என்றார். அவர் சொன்னதையும் மீறித்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொண்டால் வீட்டுக்கு வந்து கோபித்துக்கொள்ளட்டும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடமும் நீ ராட்டினம் ஓட்டுகிற பெருமையை ஆரம்பித்துவிட்டாராம், "என் பொண்ணு பட்டன அமுக்குனாத்தான் வெள்ளக்காரனே சுத்துவான்" என்று. துறைமுகத்தில் சொன்னது போதாது என்று.

நீ வரக் கூடாது என்பதற்குக் காரணம் கேள். வெள்ளிக்கிழமையிலிருந்து சென்னையில் மறுபடி எல்லாவற்றையும் மூடுகிறார்களாம். நீ சனிக்கிழமை இறங்கினால் உன்னை எங்கேயாவது ஒரு அறையில் நாள் கணக்காகப் பூட்டி வைப்பார்கள். நீ மீனம்பாக்கத்துப் பக்கம் ஒரு அறையில், நான் இங்கே தகரத்துக்குள், நைனா அங்கே, ஒரே ஊரில் மூன்று இடத்தில் கிடப்போம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. நைனாவைப் பார்க்க யாரையும் விடுவதில்லை, என்னையே விடவில்லை. விமானத்தில் பக்கத்தில் உட்காருகிறவனுக்கு என்ன இருக்கிறதோ. உங்கள் ராட்டினப் பார்க்கை அடுத்த மாதம் திறந்தாலும் திறப்பார்கள், அங்கேயே இருக்கிறவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று நீதானே சொன்னாய். மூன்று மாதமாக ஆளே இல்லாமல், துருப்பிடிக்கக் கூடாது என்று தினம் காலையில் வெறும் வண்டிகளை மேலே ஏற்றி இறக்குகிறோம் என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. கத்துகிற பிள்ளைகள் இல்லாமல் அது ஓடுகிற சத்தம் எப்படி இருக்கும், நீ தனியாக நின்று பார்த்துக்கொண்டிருப்பாயே என்று நினைத்துக்கொள்வேன். இருந்தாலும் அந்தப் பட்டனையே அமுக்கிக்கொண்டு அங்கேயே இரு. இங்கே வந்து உனக்கும் இது ஒட்டிக்கொண்டால் நம் மூன்று பேருக்கும் யார் இருக்கிறார்கள். எங்களுக்கு இருக்கிறது நீ ஒருத்தி. அந்த ஒருத்தியாவது இது ஒட்டாமல் தள்ளி இருக்கிறாள் என்கிற நினைப்பில்தான் நான் கண்ணை மூடுகிறேன்.

இதுவரை எழுதி நிறுத்திவிட்டுக் கஞ்சி குடித்தேன். எதிர் வீட்டுக்காரி தகரத்துக்கு மேலே நீட்டுகிறாள், பழைய குழாயடிச் சண்டையெல்லாம் மறந்துவிட்டாள். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வார்டில் இருக்கிற நர்ஸ் பிள்ளை பேசியது. நைனாவுக்கு ஆக்ஸிஜன் கூட்டி வைத்திருக்கிறார்களாம், வேறு வார்டுக்கு மாற்றியிருக்கிறார்களாம், முகத்தில் மாஸ்க் இருப்பதால் இனிமேல் போன் பேச முடியாதாம். நினைவு இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது, கையால் ஜாடை காட்டுகிறார் என்றது. பிழைத்துவிடுவாரா என்று கேட்க வாய் வரவில்லை. கடைசியில், "உங்களுக்கும் பாசிட்டிவ்னு போட்டிருக்கும்மா, இன்னொரு நம்பர் குடுங்க, பசங்க யாராச்சும் இருக்காங்களா" என்றது. மகள் இருக்கிறாள், சிங்கப்பூரில் என்றேன். பிறகு, பரவாயில்லை, வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்றது. உன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன், அது திருப்பிச் சொல்லிச் சரி பார்த்துக்கொண்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. நைனாவுக்காகவும், ஞானபாக்கியம் அம்மாவுக்காகவும், இரவில் எனக்கே மூச்சு வாங்குகிறபோது எனக்காகவும் பயமாக இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு கிடக்காதே, வெந்நீர் குடி, வெளியே போனால் சைமாவையும் கூட்டிக்கொண்டு போ. கடவுளை நினைத்துப் படு. டிக்கெட்டை நாளைக்கே ரத்து பண்ணிவிடு. கோவில் கதவு சாத்தியிருந்தாலும் அம்மன் உள்ளேதான் இருக்கிறாள், உனக்கு ஒரு குறையும் வராமல் அவள் பார்த்துக்கொள்வாள். நீ தீர்க்காயுசாக, நோய்நொடி அண்டாமல், நல்லபடியாக வாழ வேண்டும் என்று அம்மாவும் நைனாவும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றை மறந்துவிடாதே. தெரியாத நம்பர் என்றால் நீ எடுக்கவே மாட்டாய், எத்தனை தரம் திட்டியிருக்கிறேன். இனி 91 என்று ஆரம்பித்து எந்த நம்பர் வந்தாலும் எடு, வேலையில் இருந்தாலும் எடு, குளித்துக்கொண்டிருந்தாலும் எடு. ஜெகதீசன் மகளா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லி, பதறாமல் அவர்கள் சொல்வதை முழுசாகக் கேள். முதலில் எனக்குத்தான் கூப்பிடுவார்கள். நான் எடுக்காவிட்டால்தான் உனக்கு வரும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெ. கோவிந்தம்மா